பதினேழுக்கு மேல்

ரேக் வந்திருக்கு, வேணுமா என்று
கூத்தாநல்லூரிலிருந்து ஜபருன்னிசா போன் செய்தபோது
எத்தனை வேகன் என்று கேட்டுவிட்டேன்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவனுக்கு
ரேக் என்றால் நெல் ஏற்றும் கூட்ஸ்.
அந்தம்மா சிரிக்கவில்லை.
"பேஸ் கிடாருக்குப் போடுவாங்களே, இரும்புப் பெட்டி.
சிங்கப்பூர்ச் சாமான். ஒம்போது கிலோ."

பத்தொன்பது இன்ச் அகலம், இரண்டு யூனிட் உயரம்,
கறுத்த முகத்தில் ஏழு குமிழ்கள்.
ஆறின் ஓரத்தில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி.
ஏழாவதற்குப் புள்ளியும் இல்லை, பெயரும் இல்லை,
எழுத்தை யாருடைய விரலோ தின்றிருக்கிறது.
யார் வாசித்தது என்று கேட்டேன்.
விலையைச் சொன்னார்.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
டிவிஎஸ் ஃபிஃப்டியில், விரித்த கால்களுக்கு நடுவே,
சாக்கில் சுற்றிய அதைப் பிடித்துக்கொண்டு
நாற்பது நிமிடம்.
இன்வெர்ட்டரா சார், என்றார் பக்கத்து லோடு ஆட்டோ.
ஆமாம் என்றேன்.
அதற்குள் நாற்பத்திரண்டு வேகன் போய்விட்டது.

உள்ளே இரண்டு வால்வு.
சுவிட்சைத் தட்டியதும் பேசாது.
சுண்டுவிரல் கண்ணாடிக்குள் செம்மை ஏறும்வரை
எதிரே உட்காரவைக்கும்.
வேறெதற்கும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை,
பூசை உட்பட.

கீபோர்டு ரொசாரியோ தன் போனை எடுத்து நீட்டினான்:
இதுல நாப்பது ஆம்ப் இருக்கு, தூக்கிப் பாரு, வெயிட்டே இல்ல.
துண்டால் என் கண்ணைக் கட்டி
போனில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று மாற்றி மாற்றி விட்டான்.
பத்தில் ஆறு தவறு.
காசைச் சுண்டிச் சொல்லியிருந்தால் கூடத் தேறியிருக்கும்.
அவன் சொன்னதில் ஒரு எழுத்தையும் நான் மறுக்கவில்லை.
ஆனால் அவன் போனபிறகு
குமிழைத் திருப்பினேன்.
அது லேசாக முரண்டு பிடித்தது,
வாணலியில் கடுகு போல ஒரு பொறிச்சல்,
பிறகு விட்டுக்கொடுத்தது.
கண்ணாடித் திரை எனக்கு ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.

முதல் வாரம் சிவப்புப் புள்ளிகளுக்குக் கீழ்ப்படிந்தேன்.
குழம்பிய சத்தம்.
அது அவர் விரல், அவர் தந்தி,
எந்த ஊர் ஓட்டலோ, எந்த இரவோ.
கல்யாண மேடையில் பேஸை யாரும் கேட்பதில்லை,
நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.
அவரையும் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா?

பிறகு அந்த செவ்வாய் இரவு.
பதினொரு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்தது.
வெண்ணாற்றுக் கரையில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் குடிக்கத் தொடங்க,
டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிப் படுத்தது,
மீட்டரில் நூற்று எழுபது வோல்ட்.
பாதி வயிற்றோடு வால்வு.
தடித்த தந்தியைத் தொட்டேன்.
புள்ளிகள் அத்தனையும் அங்கே சரியாக இருந்தன.

என்ன சத்தம் என்று சொல்லத் தெரியவில்லை,
என் தொழிலில் வைத்துத்தான் சொல்ல முடியும்:
மூட்டையில் கைவிட்டால் உள்ளங்கையில் ஒட்டும் நெல்.
ஈரமானி பதினெட்டு காட்டும்,
காயவச்சு எடுத்துட்டு வாங்க என்று திருப்பி அனுப்புவேன்.
அன்று ஒரு சதவீதம் கழிக்காமல் எடுத்துக்கொண்டேன்.
விடிய மூன்று மணிவரை ஒரே நாலு சுரம்,
பெயரில்லாத குமிழை இப்படி, அப்படி.
அது என்ன செய்கிறது என்று இன்றுவரை தெரியாது.

காலையில் பக்கத்து வயல் மாசிலாமணியிடம் போனேன்.
"ராத்திரி மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க?"
அவர் முகம் சுருங்கிவிட்டது.
"வோல்டேஜ் இறங்குதா தம்பி? டிவி கிவி போயிடுச்சா?
நீங்க தூங்கணும்ல. இனிமே பகல்லயே பாய்ச்சிக்கிறேன்.
மத்தவங்ககிட்டயும் சொல்லிடறேன்."
அதற்கு என்ன பதில் சொல்வது?
நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு நாளாக வீட்டில் அசையாத இருநூற்று முப்பது.
பளிச்சென்று, உதிரி உதிரியாக, காய்ந்த சத்தம்.
பதினான்கு சதவீதம் இருக்கும்.
எந்தக் கிடங்கும் எடுத்துக்கொள்ளும்.