குதிகாலில் ஆளில்லை

காலையில் முதல் அடி வைப்பதற்கு முன்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
குதிகாலோடு பேரம் பேசுகிறேன்.
பதினான்கு மாதமாகப் படியாத பேரம்.

பெர்கனில் தபால் கொடுப்பவள் நான்.
என் பகுதியில் மலைச்சரிவின் வெள்ளை மரவீடுகளுக்குச்
சாலை கிடையாது, படிகள்தான்.
ஏறும்போது பொறுத்துக்கொள்ளலாம்.
இறங்கும்போது கணுக்காலுக்குப் பின்னால்
யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்.

ஓய்வெடு என்றார்கள், எடுத்தேன்.
ஐஸ் வை என்றார்கள்,
இந்த ஊரிலா என்று சிரித்துவிட்டு
வைத்தேன்.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் தோர்கைர்
என் காலைத் திருப்பிப் பார்த்துச் சொன்னான்:
"இது வீக்கமல்ல, ராக்ன்ஹில்.
தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு.
பழுதுபார்க்க வந்தவர்கள்
வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்."

எனக்கு உடனே விளங்கியது.
பெட்டி நிரம்பி வழியும்,
விளக்கு எரியாத வீடுகள் எனக்குத் தெரியும்.
பதினான்கு மாதமாக வலி
கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது
ஆளில்லாத முகவரிக்கு.

"தட்டிப் பார்ப்போம்," என்றான்.
"இரண்டாயிரம் முறை."

ஜெல், பாதி உருகிய பனி.
கருவி, தலை உலர்த்தும் மெஷின் சாயலில்.
அதற்குள் ஒரு மரங்கொத்தி.
முதல் நூறு வெறும் சத்தம்.
இருநூற்றுக்கு மேல்
பல்லில் கேட்டது.

"பத்துக்கு எத்தனை?"
"ஐந்து."
"கால்விரல்கள் எட்டு என்கின்றனவே."
பார்த்தால், மேசைமேல் விரித்திருந்த காகிதத்தைக்
கிழித்துப் பிடித்திருந்தன.
அழுத்தத்தைக் குறைத்தான்.
குறைத்தது எனக்கு அவமானமாக இருந்தது,
ஏனென்று தெரியவில்லை.

என்னைப் பேச்சில் இழுத்து வைக்க
ஒரு கதை சொன்னான்:
அதிவேக விமானத்தின் உலோகத்தில்
மழைத்துளி பட்டுக் குழி விழுந்ததாம்.
துளிக்கு இவ்வளவு பலமா என்று துருவிப் போனவர்கள்
முதலில் சிறுநீரகக் கல்லை உடைத்தார்களாம்.
அங்கிருந்துதான் இது
குதிகாலுக்கு இறங்கி வந்ததாம்.
ஜன்னலில் மழை.
இந்த ஊரில் அது எப்போதும் ஜன்னலில்தான்.
முப்பது வருடம் என் தொப்பியில் விழுந்ததற்கு
இப்படி ஒரு படிப்பு இருந்ததா?

"சரியாகிவிடுமா?"
"பலருக்கு ஆகிறது. சிலருக்கு இல்லை.
ஏன் ஆகிறது என்று முழுக்கச் சொல்ல
எனக்குத் தெரியாது."
அப்போதுதான் அவன்மேல் நம்பிக்கை வந்தது.

வலி மாத்திரை கூடாது என்றான்.
"நாம் கிளப்பிய கலவரத்தை
நாமே அடக்கக் கூடாது."
அன்றிரவு கலவரம் நடந்தது.

மூன்றாம் வாரம் காத்திருப்பு அறையில்
மீன் ஆலையில் வேலை செய்யும் ஓட்லைவ்.
தோளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதாம்,
"பழைய கெட்டில் மாதிரி."
அவரும் நானும் ஒருவர் எண்ணை ஒருவர் விசாரித்தோம்,
அவருடையது ஏழு, என்னுடையது ஆறு,
வானிலை கேட்பதுபோல.

ஐந்து தவணை முடிந்தது.
அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.
தினமும் படி விளிம்பில் நின்று
குதிகாலை மெல்லத் தாழ்த்துகிறேன்,
பதினைந்து, பதினைந்து, பதினைந்து.
சலிப்புக்கு எண் கிடையாது.
சில காலைகளில் பேரம் சீக்கிரம் முடிகிறது.
சில காலைகளில் பழைய விலைதான்.

நேற்று ஒரு பார்சல், கையெழுத்து வாங்க வேண்டியது.
நூற்றுப்பன்னிரண்டு படிக்கு மேல் வீடு.
பாதியில் நின்று காலைத் தேய்க்கும்
அந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டியது
மேலே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சீவெர்ட், படகில் இரவு வேலை, பகலில் தூக்கம்.
ஒரு முறை தட்டினேன்.
இன்னொரு முறை.
வழக்கமாக இந்நேரம் சீட்டை ஒட்டிவிட்டு
இறங்கிப் போயிருப்பேன்.

மழையில் நின்றேன்,
இரு காலிலும் சமமாக.
உள்ளே எங்கோ
ஒரு பலகை முனகியது.