மூன்றாம் தடவை

விக்கிரமசிங்கபுரத்தில் ஐப்பசி
மேலிருந்து மட்டும் பெய்வதில்லை,
சுவரிலிருந்தும் பெய்யும்.
தீக்குச்சி பற்றாது. ஜாடியில் உப்பு கசியும்.
காலை பத்து மணிவரை மலை
தெருமுனைக்கே இறங்கி வந்து நிற்கும்.

தேவஇரக்கம் டீச்சர் வீட்டு கேட் லைட்டுக்கு
இது மூன்றாம் தடவை.

முதல் தடவை டேப்.
எட்டுச் சுற்று சுற்றிவிட்டு
கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.
இருபதே நாளில் கோந்து இளகிப்
பிரிந்து தொங்கியது,
உள்ளே செம்பு பாசிநிறத்தில்.
கேட்டைத் தொட்ட பால்காரர் பலவேசத்துக்கு
முழங்கைவரை சுருக்கென்றது.
"எறும்புன்னுல்லா நெனச்சேன்" என்றார்.
அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இரண்டாம் தடவை
பெட்டி, ரப்பர் வாஷர், டிரிப் சுவிட்ச்,
கேட்டுக்கும் சேர்த்து எர்த் கம்பி.
சிலிக்கான் பசை ஒரு குழாய் தீர்ந்தது.
எறும்பு விட்ட மூச்சுகூட நுழையாது என்று
சொல்லித்தான் துட்டு வாங்கினேன்.

இன்று மெயினை அணைத்து
டெஸ்டரை இரண்டுதரம் வைத்துப் பார்த்து
மூடியைக் கழற்றினால்
உள்ளே வேர்த்திருக்கிறது.
மழை வந்த தடம் இல்லை.
வெயிலில் உப்பி, ராத்திரி சுருங்கி,
வயரின் தோலுக்கடியில்
ஊர்க்காற்றை உறிஞ்சிக் குடித்திருக்கிறது பெட்டி;
வெளியே போக வழியில்லாமல்
மூடியெல்லாம் முத்து முத்தாய்.

துடைத்தேன். முனைகளைச் சுரண்டி
கிரீஸ் தடவினேன்.
வயரைப் பெட்டிக்கும் கீழே தொங்கவிட்டு
மேல்நோக்கி வளைத்து நுழைத்தேன்.
கம்பிவழி ஓடிவரும் தண்ணீர்
அந்தத் தொப்பைவரை வந்து
ஏற மனசில்லாமல் விழுந்துவிடும்.
பிறகு டிரில்லை எடுத்தேன்.

"என்னவே செய்யுதீரு?"
"அடியில ஒரு ஓட்ட, டீச்சர்."
"அடைக்கதுக்கு ஒரு துட்டு,
தொறக்கதுக்கு ஒரு துட்டாவே?"
கணக்கு டீச்சர்.
ஓட்டைக்குத் துட்டு வேண்டாம் என்றேன்.
மேலும் ஏதோ கேட்க வாயெடுத்து
டிரில் சத்தத்தில் விட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது.
போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.
அடிக்கவில்லை.
அடிக்காததாலேயே தூக்கம் வரவில்லை.

நாலரைக்குக் குடையோடு போய் நின்றேன்.
லைட் எரிந்துகொண்டிருந்தது.
குனிந்து டார்ச் அடித்தால்
துளையில் ஒரு சொட்டு,
விழலாமா என்று பார்த்துக்கொண்டு.
புறங்கையால் கேட்டைத் தொட்டேன்.
குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான்.

பலவேசம் வந்தார்.
என்னைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார்.
பாலிதீன் பையில்
நனையாமல் சுற்றி வைத்திருந்த
குச்சியை எடுத்துக்
கொண்டியைத் தள்ளினார்.