இனம் என்ற கட்டம்

பிரதேச சபை எனக்குக் கொடுத்தது
ஒரு குடை, ஒரு பச்சைக் கோப்பு,
முதல் மூன்று அங்குலம் கிழிந்த அளவுநாடா.
கோப்பின் இரண்டாம் பக்கத்தில்
ஆபத்தான நாயினங்கள் ஐந்து.
ரொட்வைலர், பிட்புல், டோசா என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே
மேற்பிரிவுக்கு ஏறினேன்.
மஸ்கெலியா பஸ் கீழே
குண்டூசித் தலையளவு ஆகியிருந்தது.

ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
படங்கை இன்னும் அவிழ்க்காமல்
இஸ்தோப்பில் உட்கார்ந்து
அட்டை கடித்த இடத்தில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்
தவமணி. பக்கத்தில் மண்ணிற நாய்.

இனம்? என்றேன்.
இந்தியத் தமிழ், என்றாள் சட்டென்று.
எத்தனை கோப்புகளுக்குச் சொல்லிப் பழகிய வாய்.
உங்களை இல்லை அக்கா,
நாயை.
ஐந்தாம் காம்பராவிலிருந்துதான்
முதல் சிரிப்பு வந்தது.

பெயர் கங்காணி.
பெரட்டுக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்குமாம்.
நிரைக்குப் பின்னால் நின்று குரைக்குமாம்.
கொழுந்து மட்டும் எடுக்காதாம்.
வயது? தாய் நாயைச் சிறுத்தை தூக்கிப்போன
அந்த மாரிக்குக் கண் திறக்காத குட்டி;
நீங்களே கணக்குப் பாருங்கள்.
யாரையும் கடித்திருக்கிறதா?
யோசித்தாள்.
வட்டிக்காரனை. ஒருமுறை. பல் பதியவில்லை.
'இல்லை' என்று எழுதினேன்.

கடித்த நாய் எதுவென்று
எனக்கும் தெரியும்.
அவள் கெண்டைக்காலில் பதினொரு தையல்.
பங்களா நாய் பட்டியலில் முதலாவது;
ஆறடி வேலி, வாய்க்கூடை, தடுப்பூசிப் புத்தகம்,
ஒவ்வொரு தாளிலும் ஒப்பமிட ஒரு துரை,
சட்டம் கேட்ட எல்லாம் அதனிடம் இருந்தன.
நேற்றே அனுமதி எழுதிவிட்டேன்.
தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன்.

ஒன்பதாம் வாசகம்:
உரிமையாளர் தமது காணியைச் சுற்றி
வேலி அடைத்திருத்தல் வேண்டும்.
வாசித்துக் காட்டினேன்.
'தமது காணி' என்று திருப்பிச் சொன்னாள்,
உப்புப் பார்ப்பவளைப் போல.
ஒரு கறிவேப்பிலைக் கன்று நட
ஆபிசுக்கு மூன்று நடை நடந்தவள்.
எதற்கென்று தெரியாமல் அளவுநாடாவை விரித்தேன்.
இஸ்தோப்பு நாலடி.
அதற்கப்பால் கம்பெனி.

மழை இறங்கியது. கங்காணி
என் குடைக்குள் வந்து நின்றுகொண்டது.
இனம் என்ற கட்டத்தில்
கோடு போட்டேன், அழித்தேன்,
'மலை' என்று எழுதினேன்.
சபையில் யாரும் கேட்கவில்லை.

ஆடியில் வந்தது தகரத்தில் ஒரு வில்லை, எண் 412.
கழுத்தில் கட்டினால்
அறுத்துப் போட்டுவிடுகிறதாம்.
தவமணி அதைக் கதவில் ஆணியடித்துவிட்டாள்.
எண்ணே இல்லாத அந்த வரிசையில்
தப்பால் கொண்டுவரும் பையன் இப்போது
இப்படித்தான் வழி கேட்கிறான்:
நானூற்றுப் பன்னிரண்டுக்கு
இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?