ஈ கடித்த பக்கம்

ஓத்மார் கொண்டுவந்த கன்றுத்தோலில்
ஓர் ஓட்டை.
கன்று உயிரோடு மேய்ந்த கோடையில்
ஏதோ ஓர் ஈ கடித்திருக்கிறது.
உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு,
சட்டத்தில் இழுத்துக் கட்டியபோது
கடுகளவு வடு
கட்டைவிரல் நுழையும்படி வாய் பிளந்துவிட்டது.
"பாதி விலை போதும்" என்றான், தரையைப் பார்த்தபடி.

கன்னியர் மடத்தின் சன்னலைப் பனி அடைத்துவிட்ட மாதம்.
மை உறைகிறது.
கிண்ணத்தை அக்குளில் இடுக்கி இளக்கிக்கொள்கிறேன்.
பொன் ஒட்டுவதற்குச் செம்மண் குழைத்துப் பூசி,
பூண்டுச்சாறு தடவி,
காய்ந்த மண்மீது குனிந்து
ஹா என்று ஊத வேண்டும்.
ஈரமூச்சு பட்ட இடத்தில்தான் பொற்றாள் வந்து உட்காரும்.
ஆதியில் அவர் செய்ததும் இதைத்தான்.
அவர் வாயில் பூண்டு நாறியிருக்காது,
அவ்வளவே.

லூனபுர்க் உப்பு வணிகரின் விதவை கெர்புர்கா
நீலக்கல் பொடி அனுப்பியிருக்கிறாள்
வாத்திறகுத் தண்டில் அடைத்து
இருபுறமும் மெழுகு வைத்து.
கூடவே கடிதம்:
மாதாவின் மேலங்கிக்கு மட்டும்.
வேறெங்கும் ஒரு துளி படக்கூடாது.

ஏவாளுக்கென்று எவரும் காசு தரவில்லை.
ஆகவே அவளுக்குக் காவி,
செம்புக் களிம்பில் பச்சை இலைகள்,
கன்னத்தில் கொஞ்சம் ஈயச்செந்தூரம்.
பாம்புக்கு வெள்ளி வைத்தேன்.
வெள்ளி நாளாக நாளாகக் கறுக்கும்;
தெரிந்துதான் வைத்தேன்.

ஓட்டையைத் தைக்கவில்லை.
அவள் நீட்டிய கை
அதன் விளிம்பில் வந்து நின்றது.
பழத்தை நான் வரையவேயில்லை.
அடுத்த தாளில்
கபிரியேல் தயங்கி நிற்கும் அறையில்
மாதாவின் முழங்கால்மேல் மடிந்து விழும் நீலம்
அந்த வட்டத்துக்குள் சரியாக வந்து உட்கார்ந்தது.
திட்டமிட்டேனா என்று கேட்டால்
பாதி.

மடத்துத் தலைவி ஓடா
மெழுகுவத்தியைக் கிட்டே பிடித்தாள்.
சொட்டிவிடுமோ என்று எனக்கு உயிர் போனது.
"ஏவாளுக்கு நீலம் கொடுத்தது யார்?"
"ஈ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
தாளின் முனையை நகத்தால் தூக்கினாள்.
ஏவாள் கையில் வெறும் காற்று.
படிய வைத்தாள்.
நீலம்.
மறுபடியும் தூக்கினாள்.

இரவுச் செபத்துக்கு மணி அடித்தது.
இருவருக்கும் கேட்டது.
தாள் இன்னும் அவள் நகத்தில் இருந்தது.