முழுப்பேர்

தங்கச்சியை நேர்முகத் தேர்வுக்கு உள்ளே அனுப்பிவிட்டு
மழைக்கு ஒதுங்கினேன்,
கல்லூரி வளவுக்குள் இருந்த பழைய பேராலயத்தில்.

பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன்.
"வேணாம் மிஸ், தரை குளிரும்" என்றார் காவலாளி டொமினிக்.
கழற்றியது கழற்றியதுதான்.
கண்டி மழை கருங்கல்லுக்குள்ளும் பெய்துகொண்டிருந்தது.

தூணோரம் மரப்பலகையில் மூன்று எண்கள்:
பதினெட்டு. பதினாறு. இருபத்தொன்று.
ஞாயிறு பாடிய பாட்டுகளின் இலக்கமாம்.
எனக்குக் கொழுந்து நிறுப்பவர் குரல்தான் கேட்டது.
பதினாறென்றால் ரெண்டு கிலோ குறைவு,
அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்,
அரைச்சம்பளம்.

சுவரெங்கும் பித்தளைத் தகடுகள்.
காய்ச்சலில் செத்த துரை,
குதிரையிலிருந்து விழுந்த துரை,
மூன்றே நாள் உயிரோடிருந்த
ஒரு துரையின் குழந்தை.
அதற்கும் முழுப்பேர், நடுப்பேர் உட்பட.
குழந்தைமேல் எனக்குக் கோபம் வரவில்லை.
தடவிப் பார்த்தேன்,
விரலில் பித்தளை வாடை ஏறிக்கொண்டது.

டொமினிக் வருகைப் புத்தகத்தை நீட்டினார்.
பெயர் என்ற கட்டத்தில்
செவனு பெருமாயி என்று எழுதினேன்,
எழுத்தெழுத்தாக, கோட்டையும் தாண்டி.
குறிப்பு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மழை, என்று எழுதினேன்.