நகம் தட்டும் இடம்

வெள்ளைக் காரின் பொனற்றில்
எட்டுக் குளம்படிக் கீறல்.
"ஆடு" என்கிறார் சபேசன்,
கோட்டில் சாட்சி சொல்லும் குரலில்.
முருங்கை எட்டாமல் ஏறி நின்றதாம்
பக்கத்து வீட்டு மறி.
வெள்ளிக்கிழமை சூரிச்சிலிருந்து மச்சான் வாறார்.
கார் மச்சானுடையது.

அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்,
கொழும்பில் ஒட்டினது, மூன்றரை இலட்சம்.
அது இருப்பதே தெரியாதபடி
துடைத்து வைப்பதற்கு
பரந்தனில் எனக்குச் சம்பளம்.

கிரவல் தூசைக் கையால் தொடக்கூடாது,
தொட்டால் அது உளி.
தண்ணீரே இறக்கிக்கொண்டு போகட்டும்.
மாங்குளத்துக் காட்டில் மோதிய ஈசல்,
வண்டு, ஒரு தட்டானின் இறக்கை மட்டும்:
ஈரத்துணி போர்த்திவிட்டுக் காத்து நிற்பேன்.
ஓரங்களில் பிரஷர் அடித்தால் உரியும்.
கொம்பவுண்ட் போட்டால் மங்கும்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் பாதி, கல் பாதி.
காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையம்,
கேத்தலின் அடியில் போல.
வினாகிரி தொட்டு ஒவ்வொன்றாய் எடுத்தபின்
கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீர்.
வீட்டில் அது அப்பாவின் கிட்னிக்கு,
கோப்பை எண்ணி.
இங்கே வாளி எண்ணி.

இனி ஆட்டின் விசயம்.
கேத்தல் கொதித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும்
மெல்ல ஊற்றினேன்.
கீறல் ஒருமுறை நெளிந்தது போல.
பிறகு இல்லை.
அடுத்த குளம்படி. அதுவும் இல்லை.
சபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
"எங்க பிள்ளை போனது?"

மனிதர் அதோடு விடுவாரா.
இடப்பக்கக் கதவைக் காட்டினார்,
ஒரு முழம் நீளக் கோடு.
"இதுக்கும் ஊத்தும்."
குறுக்கே நகத்தை ஓட்டினேன். தட்டியது.
நகம் தட்டினால் உள்ளே போயிட்டுது, அண்ணை.
தோலைத் தாண்டிப் பெயின்றுக்கு.
"சும்மா ஊத்திப் பாருமன்."

ஊற்றினேன். ஆவி எழுந்தது.
கோடு நனைந்தது, காய்ந்தது,
முன்னையைவிடத் துலக்கமாய் அங்கேயே கிடந்தது.
இரண்டு பேரும் குந்தியிருந்து
அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஏ-9இல் ஒரு டிப்பர் போய் முடிந்தது.

"இது ஆடில்லை" என்றார்.
"கேற்றுக் கம்பி. றிவேர்ஸ் எடுக்கேக்க. நான்தான்."

மச்சானுக்கு என்ன சொல்லப் போறியள்?

துணியைப் பிழிந்து விரித்துப் போடும்வரை
அவரிடம் பதில் இல்லை.
பிறகு நானே கேட்டேன்,
மறிக்குக் கொம்பு இருக்கோ?

கொஞ்சம் யோசித்தார்.
"இருக்கு" என்றார்,
"நல்ல கூர்."