நாலு நல்ல பல்

முருகன்குறிச்சி ஜெஸிந்தா டாக்டர்
எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துச் சொன்னாள்:
தாடை சிறுசு, பல் பெருசு,
நிற்க இடமில்லாமல் ஒன்றை ஒன்று தள்ளுது.
கோணல் முன்னால் என்றுதான் கூட்டிப் போனேன்.
அவள் விரல் பின்னால் நகர்ந்தது,
யார் வம்புக்கும் போகாமல்
வரிசையில் நின்ற நாலு பல்லுக்கு.
மேலே ரெண்டு, கீழே ரெண்டு,
எடுத்திரணும்.

சொத்தை இல்லையே டாக்டர்.
இல்லை.
ஆடலையே.
ஆடலை.
பெறவு எதுக்கு?
இடத்துக்கு.

கனிஷ்காவுக்குப் பதிமூன்று வயசு.
எட்டாப்பு பி பிரிவில் தேங்காய்த்துருவி என்று பேர்.
அவளுக்குச் சிரிப்பு வந்தால்
கைதான் முதலில் வரும்.
அவ அப்பாவுக்கும் இதே பல்;
ஆம்பளைக்கு மீசை இருக்கு.

ரோஸ் நிற மாவைத் தட்டில் அப்பி
வாய்க்குள் வைத்து அழுத்தினார்கள்.
குமட்டிக் கண்ணில் நீர் வந்தது, கையை இறுக்கினாள்.
அடுத்த வாரம் மேஜையில் இருந்தது அவள் வாய்,
வெள்ளையாக,
மூஞ்சி இல்லாமல்.
நான் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன்.

பிடுங்கிய நாலையும் பஞ்சில் சுற்றித் தந்தார்கள்.
முக்கூடல் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
வீட்டில் பீடிநூல் டப்பாவில் போட்டேன்.
எறியவும் கை வரவில்லை,
வைத்து என்ன செய்ய என்றும் தெரியவில்லை.

கம்பி கட்டிய முதல் ராத்திரி
மோர்ச்சோறும் இறங்கவில்லை.
பொங்கலுக்குக் கரும்பு கூடாது என்றதற்கு
ஒரு சொல் பேசவில்லை பிள்ளை.
பனங்கிழங்கை அவித்து, நாரை உரித்து
உரலில் இடித்து உருட்டிக் கொடுத்தேன்.
அதையும் சின்னவன்கள் ரெண்டு பேரும்
பாதிக்கு மேல் தின்றார்கள்.

துட்டு சார்ஜாவிலிருந்து வந்தது.
இசக்கிதுரை போகும்போது பத்தொன்பது.
ஒரு பத்தி, ஒரு அடுக்களை, நாங்கள் ஆறு பேர்;
அவன் நடையில் படுப்பான், கால் தெருவில் கிடக்கும்.
சைக்கிள்காரன் மணியடித்தால் மடக்கிக்கொள்வான்.
கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது.
மாமன் விசா இருக்கு என்றான்,
சரி என்றான்.

மாசம் ஒரு தடவை பாளையங்கோட்டை,
மாசம் ஒரு முறுக்கு.
ரப்பர் நிறம் அவள் இஷ்டம்:
பச்சை, ஊதா, ஒரு தடவை கறுப்பு,
கறுப்பு அந்த மாசம் பூராவும் உளுந்தந்தோல் மாதிரி இருந்தது.
அண்ணன் போனில் கேட்பான்,
ஈ காட்டுட்டி.
காட்டுவாள்.
வெள்ளிக்கிழமை தவறாது.

பல் போன சந்தில் முதலில் நாக்கு நுழைந்தது.
அப்புறம் தீக்குச்சி.
கட்டு கட்டி மிஞ்சிய பீடிநூலை
ஒருநாள் விட்டுப் பார்த்தேன்,
திணறித்தான் போனது.
கடையில் என் கட்டைப் பிரித்து
நுனி ஒத்துவரலை என்று கழித்துப் போடுவான் செக்கர்.
இந்த வாயைக் கொண்டுபோய்க் காட்டணும் அவனுக்கு.

ரெண்டு வருசம் நாலு மாசம்.
கம்பியைக் கழற்றிய அன்று டாக்டர் சொன்னாள்,
பல்லுக்குப் பழைய இடம் மறக்காது,
ராத்திரி இந்தத் தட்டை மாட்டணும்,
விட்டால் திரும்பிப் போயிரும்.
நடுச்சாமத்தில் எழுந்து
அவள் உதட்டை விலக்கிப் பார்ப்பேன்.
தூங்க விடும்மா என்பாள்,
தட்டு இருப்பதால் தூங்க விதும்மா என்று வரும்.

ஆனியில் வந்தான் இசக்கிதுரை, நாற்பது நாள் லீவு.
நடையில் இப்போது சின்னவன்களின் கட்டில்.
அடுக்களை வாசலில் அவன் அனுப்பிய பிரிட்ஜ்.
பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
பத்தியை ஒரு சுற்றுப் பார்த்தான்.
எங்கம்மா போட?

யாருக்கும் பதில் இல்லை.
கனிஷ்காதான் சிரித்துவிட்டாள்,
கை மடியில் கிடக்க, பல் முழுக்கத் தெரிய.
அவனுக்கும் சிரிப்பு வந்தது.
பாயை நழுவவிட்டு
அவன் கை வாய்க்கு ஏறியது.